எட்டு புள்ளி நான்கு

விண்ணப்ப எண் நூற்றுப் பதினேழு.
கம்ப்ரியா மலைப்பக்கம், ஹாலோபெக் என்று ஓர் ஊர்.
நடுச்சுவரைப் பங்கு போட்ட இரட்டை வீட்டில்
இடப்பாதி.
கூரையில் எட்டு சோலார் தகடு,
கொல்லையில் ஒரு வெப்பப் பம்பு.
அக்டோபரில் என் மேசைக்கு வந்தது,
ஒரு மூலை மழையில் நனைந்து.

ஆற்றல் அறிக்கை இல்லாமல்
எங்கள் எல்லைக்குள் ஒரு கொட்டகைகூட எழும்பாது.
அதே வாரம் ஒரு ஓட்டல்காரர் தந்தது
நாற்பத்தாறு பக்கம், வண்ண வரைபடங்கள்.
பதினேழாம் பக்கத்தில் வேறு ஊர்ப் பெயர்,
மாற்ற மறந்திருந்தார்கள்.
இல்லாத நீச்சல் குளத்தைச் சூடாக்கத்
தசமத்தோடு கணக்குப் போட்டிருந்தார்கள்.
படித்தேன். சம்பளம் அதற்குத்தான்.

ஹெஸ்டர் டைசன் தந்தது ஒன்றரைப் பக்கம்.
கட்டம் போட்ட தாள், பென்சில்.
"டிசம்பரில் தேவாலய நிழல்
இரண்டு இருபதுக்குக் கூரையைத் தொடும்.
பதினோரு நாள் தெருவில் நின்று பார்த்தேன்."
அதன் கீழே ஒரு நாள் செலவு, யூனிட்டில்:
கெட்டில், அடுப்பு, துணி துவைக்க,
வானொலிக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து
(அதைக்கூட விடவில்லை).
கடைசி வரி,
தம்பி லெனர்டின் ஆக்சிஜன் இயந்திரம்,
இரவு பகல்,
எட்டு புள்ளி நான்கு.
மொத்தம் பதினான்கு புள்ளி ஒன்று.

உடல்நலத் தகவல் ஊர் பார்வைக்குப் போகக் கூடாது.
கோப்பைப் பொதுவில் வைக்குமுன்
அந்த வரிமேல் கறுப்புப் பட்டை போட்டேன்.
கூட்டிப் பார்ப்பவருக்கு
எட்டு புள்ளி நான்கு இடிக்கும்.
யார் கூட்டிப் பார்க்கிறார்கள்.

மரபுப் பிரிவிலிருந்து குறிப்பு:
கூரை உள்ளூர் ஸ்லேட், அரிய நீலம்,
தகடுகள் அதை மறைக்கும்.
போனில் சொன்னேன்.
"அந்தக் கல்லை உடைத்தவனைக் கேட்டுச் சொல்கிறேன்,"
என்று ஹெஸ்டர் உள்ளே போனாள்.
திரும்பி வந்து,
"தாராளமாக மறைக்கலாமாம்.
மிச்சத்தை அவன் நெஞ்சுக்குள்
பத்திரமாக வைத்திருக்கிறானாம்."
பின்னால் யாரோ சிரித்தார்கள்,
சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது.

எதிர்ப்புக் கடிதம் ஒன்றே ஒன்று.
வலப்பாதி, கில்பர்ட் ரோதரி:
"ராத்திரி முழுக்கச் சுவர் வழியாக இரைச்சல்.
பம்பை அனுமதிக்காதீர்கள்."
பம்பு இன்னும் கிடங்கில் இருந்தது.

ஒலிமானியோடு அவர் படுக்கையறையில் நின்றேன்.
இருபத்தாறு டெசிபல்.
ஒரு சீரான மூச்சு,
நாலு நொடிக்கு ஒரு சின்ன விம்மல்.
"கேட்கிறதா?" என்றார்.
"கேட்கிறது."
"என்னது அது?"
எனக்குத் தெரியும்.
சொல்ல அதிகாரமில்லை.
காலுறையில் நின்றபடி
இருபத்தாறு என்று எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரியில் திருத்திய தாள்.
கடைசி வரியை
அடிக்கோல் வைத்து நேராக அடித்திருந்தாள்.
மொத்தம் ஐந்து புள்ளி ஏழு.
ஓரத்தில்: எட்டுத் தகடு இனி அதிகமோ?

கணினி கேட்டது, திருத்தத்தின் காரணம்.
வடிவ மாற்றம்.
பொருள் மாற்றம்.
சுமை குறைவு.
மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.
தேநீர் ஆறும்வரை தொடவில்லை.
பிறகு மூன்றாவதைத் தொட்டேன்.

அதற்கு மறுநாள் ரோதரி எழுதினார்:
"பெட்டி தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.
கல்லறையிலிருந்து திரும்பும்போதுதான்
அந்த இரைச்சல் எது என்று சொன்னாள்.
இப்போது இல்லை.
பத்து நாளாகத் தூக்கம் வரவில்லை.
எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்."
பெறப்பட்டது என்று முத்திரை குத்தினேன்.
அந்தக் கோப்பில் வேறு முத்திரை இல்லை.

அனுமதி, மூன்று நிபந்தனைகளுடன்.
தகடு எட்டும் இருக்கட்டும் என்று எழுதினேன்.
வீட்டுக்கு மிஞ்சியது கம்பிக்குப் போகும்.
கம்பிக்குப் போன மின்சாரம்
வெகுதூரம் நடக்காது,
பக்கத்தில் யார் கொதிக்க வைக்கிறாரோ
அவர் கெட்டிலில் நுழைந்துவிடும்.
அறிக்கையில் இதற்கு இடமில்லை.

ஹெஸ்டருக்குப் போனில் மட்டும் சொன்னேன்.
"கில்பர்ட்டா?" என்றாள்.
"அவன் நாளைக்கு ஏழு தடவை டீ போடுவான்.
சுவர் வழியாகக் கேட்கும்."