மெஸ்தி சாமா

ஜெலுத்தோங் பட்டறையில் ஆ செங்
முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்,
நேர் கீழே சிமெண்ட் தரையில் இன்னொன்று.
"தள்ளு."
என் பழைய ஃபாரஸ்டரை நானும் அவர் மருமகனும் தள்ளினோம்,
ஒரே ஒரு சுற்று.
கோடு மறுபடி தரையைத் தொட்ட இடம்வரை அளவு நாடா.
பின் டயருக்கும் அப்படியே.
மூன்று சென்டிமீட்டர் குறைந்தது.

கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவள் நான்.
எந்தப் பெட்டி இரைகிறது, எந்த வயர் தளர்ந்தது,
கூட்டத்தின் நடுவே நின்று சொல்லிவிடுவேன்.
இரண்டு மாதமாக
மண்டப வாசலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதெல்லாம்
சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல்
வண்டி திமிறியது.
பேரிங் என்றேன். பிரேக் என்றேன்.
தீபாவளிக்கு முன் வாங்கிய புது டயர்களை
நினைக்கவே இல்லை.

அன்று கையில் அறுநூறு வெள்ளி.
இரண்டு வழுக்கையாகியிருந்தன, இரண்டு மாற்றினேன்.
மற்றது ஓடும் என்றான் கடைக்காரன்.
ஓடத்தான் செய்தன.

"முன்சக்கரம் மட்டும் இழுக்கிற காடி என்றால் பரவாயில்லை,"
வண்டிக்கடியில் படுத்தபடி மலாயில் சொன்னார் ஆ செங்.
"இது எப்போதும் நாலு காலிலும் நடப்பது.
திருப்பத்தில் விட்டுக்கொடுக்க நடுவில் ஒருவன் இருக்கிறான்.
நேர் ரோட்டிலும் விட்டுக்கொடு விட்டுக்கொடு என்றால்?"
என் கையை இழுத்து கியர்பாக்ஸின் வாலில் வைத்தார்.
வைத்ததும் எடுத்துக்கொண்டேன்.

பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர்.
பெராயில் ஏறித் தீவில் இறங்குவதற்குள்
தேய்ந்த ஜோடி
ஏறக்குறைய நூறு சுற்று கூடுதலாய்ச் சுற்றியிருக்கிறது.
போக நூறு. வர நூறு.
நான் கடலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.
கணக்கை அடியில் அவன்
சூட்டால் தீர்த்துக்கொண்டிருந்தான்.

நாலு புதுசுக்குப் பணமில்லை என்றேன்.
பட்டறைக்குப் பின்னால் போய்
மோதி நொறுங்கிய வண்டியில் கழற்றிய இரண்டை
உருட்டி வந்தார்.
அதே கம்பெனி, அதே அளவு.
பள்ளத்தில் அளவுகோல் செருகினார்: மூன்றரை மில்லி.
என் பழசும் மூன்றரை.
"புதுசைக் கழற்று. மெஸ்தி சாமா."

ஓரத்தில் ரப்பர் முடிகள்கூட உதிராத டயர்கள்.
அதைக் கழற்றிப் பழசு போடுவதா?
வயிறெரிந்தது.
ஆனால் சாமா என்று அவர் சொன்னது
சமம் என்றே என் காதில் விழுந்தது,
புதுசு என்று அவர் கேட்கவே இல்லை.
மறுபடி கோடு. மறுபடி தள்ளல்.

அன்றிரவு சுங்கை டுவா மண்டபத்தில்
ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன்.
மைக்கைத் தட்டுவதற்கு முந்திய கணம்
ஸ்பீக்கரில் ஒன்று இருக்குமே,
இருக்கிறது ஆனால் ஒலி இல்லை,
அது.

புது டயர் இரண்டும் இன்னும் என் வராந்தாவில்.
நானூறு வெள்ளி, ஜோடியாகத்தான் தருவேன்.
முதலில் என்ன காடி என்று சொல்லுங்கள்.