எழுத்துக்கு நாற்பது ரூபாய்

தாளில் எழுநூறு எழுத்து.
முள்ளியவளைச் சந்தியில் சிலை,
சிலையடியில் கறுப்புக் கல்,
கல்லில் வன்னியனின் வரலாறு.
புள்ளிக்கும் காசோ என்று கேட்டார்
விழாக்குழுச் செயலாளர் குலவீரசிங்கம்.
புள்ளி இலவசம் என்றேன்.

ஏழு தடையைத் தனியே தாண்டினானாம்.
முதல் தடை சிங்கம்.
ஒட்டுசுட்டான் காட்டில் சிங்கம் ஏது ஐயா,
கரடி என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன்.
இரண்டாவது, தண்ணியில்லாப் பாலை.
அதை நம்பினேன். ஆவணியில் வந்து பாருங்கள்.
பிறகு பாம்பு, மாயக்காரி, பேய்கள்.
கடைசிப் பேய் வெள்ளை நிறம்.
அதற்குத் தொப்பி போட்டு
ஒல்லாந்தன் ஆக்கியிருந்தார் செயலாளர்.

வெட்டுவட்டு கொண்டுவந்த
இரும்புக்கடை நெய்னா முகம்மது
நின்றபடியே வாசித்துச் சிரித்தார்.
"இது எங்கட கிஸ்ஸா எல்லோ!
பாரசீகத்து மல்லன்.
குதிரை விற்க வந்தவன்ர வாயில ஏறி,
காயலில இறங்கி,
தண்ணீரூற்றில இஷாவுக்குப் பிறகு
விடிய விடியப் படிச்சது.
தொண்ணூறில போகேக்க
கதையை எடுக்க ஆருக்கு நேரம்?
திரும்பி வர, வீட்டில பாதிதான் நிண்டது.
கதையை நீங்கள் வளர்த்திருக்கிறியள்."

கச்சேரி நகல் ஒன்றும் இருந்தது.
ஒல்லாந்தர் எழுதி வைத்தது மூன்றே வரி:
திறைப் பாக்கி யானை நான்கு.
காய்ச்சல்.
மாசியில் செத்தான்.
"மூண்டு வரிக்கு மாலை போடேலுமோ?"
என்றார் செயலாளர்.
ஏலாதுதான்.

கடைசிப் பந்தி:
முகம் மூடிய இளையவன் ஒருவனோடு
மூன்று நாள் பொருதி,
மார்பைப் பிளந்த பிறகு
அவன் கையில் காப்பைக் கண்டானாம்.
பிறக்கும்போது தானே கொடுத்தனுப்பிய காப்பு.
"இதில சனம் அழும், ஆழமாய் வெட்டு."

மகனின் பெயர் தாளில் இல்லை.
"அங்க இருந்தது" என்றார் நெய்னா.
"இங்க பாடினவை விட்டிட்டினம்."

கல்லுக்குத் தண்ணி ஊற்றும் தவமலர்
அதுவரை வாய் திறக்கவில்லை.
வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள்:
"காப்பு எந்தக் கையில அண்ணை?
இடமோ, வலமோ?"

செயலாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
மறுபக்கம் வெறுமை.
நெய்னா காசு வாங்காமலே
சைக்கிளை எடுத்தார்.

நான் மெசினைப் போட்டேன்.
அடுத்த எழுத்து 'ம'.
தண்ணி வரவில்லை.
கல் சூடேறி மணத்தது.