ஒன்பதுக்கு மேல் தகடு இல்லை

முதல் வருஷம் மாத்தளையில்
பதினாலு கோல் வாங்கினோம்.
வாங்கியது நான்தான்,
கம்பத்துக்குள் நின்றவள்.
பலகையில் ஒன்பதுக்கு மேல் தகடு இல்லை.
எண் மாட்டும் பையன் கொஞ்சம் யோசித்து
ஒன்பதுக்குப் பக்கத்தில் ஐந்தைத் தொங்கவிட்டான்.
தூரத்திலிருந்து பார்த்தால் தொண்ணூற்றைந்து.
"நம்ம ஸ்கூல்ல யாரு இவ்ளோ மார்க் எடுத்திருக்கா?"
வானில் பிரிஸ்கா கேட்டாள்.
கினிகத்தேனை வரும்வரை சிரித்தோம்.
பிறகு யாரோ அழுதார்கள்.
இருட்டில் யாரென்று தெரியவில்லை,
நானாகவும் இருக்கலாம்.

காலைக் கூட்டத்தில் அதிபர் சொன்னார்:
இது அணியைக் கட்டியெழுப்பும் ஆண்டு.
எங்களுக்குப் பழகிய சொல்.
மண் சரிந்து பத்தாம் லயத்தை
இழுத்துப்போன மறுமாதம்
வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.
மலையை வெட்டி மட்டமாக்கி
அடிக்கல் நட்டு
ரிப்பன் வெட்டி
வடை தின்றுவிட்டுப் போனார்கள்.
வீடு வரவில்லை.
மட்டமான நிலம் மிஞ்சியது.
எங்கள் டிவிஷனில் அதற்கு முன்
மட்டமாக இருந்தவை
பிரட்டுக்களமும் சுடுகாடும்தான்.
அடிக்கல் ஒரு கோல் கம்பம்,
மற்றது யோகராணியின் புத்தகப் பை.

பழைய அணியில் ஏழு பேர்
சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள்.
தீபாவளிக்கு வந்த துலாஞ்சனாவிடம்
மட்டையை நீட்டினேன்.
"பிடியே மறந்துபோச்சுடி" என்றாள்.
மழை தூறியது.
குடைக் காம்பை அவள் பிடித்திருந்தாள்,
இடது கை மேலே, வலது கை கீழே.

மிச்சம் நான்கு பேர்.
ஆறாம் வகுப்பில் ஆள் பிடித்தோம்.
ஒருத்திக்கு மட்டை நெஞ்சளவு.
சுகிர்தமலர் பந்து வந்தால் கண்ணை மூடுவாள்,
மூடிக்கொண்டே அடிப்பாள்,
பந்தைத் தேடிக் கொழுந்துக்குள் இறங்குவோம்,
அட்டை கடியோடு ஏறுவோம்.
என் கால்காப்பு
உரப்பைக்குள் திணித்த பஸ் சீட்டுப் பஞ்சு.
நனைந்தால் ஒவ்வொரு காலிலும்
ஒரு நேரக் கொழுந்தின் கனம்.
பனி இறங்கிவிட்டால் பந்து தெரியாது.
மட்டையில் படும் சத்தத்துக்குப் பாய்வேன்.
மாத்தளை வெயிலில்
எல்லாம் தெரிந்ததுதான் எனக்குக் குழப்பம்.

இரண்டாம் வருஷம் ஆறு கோல்.
அடுத்த ஆட்டத்தில் மூன்று.
அப்புறம் மறுபடி ஒன்பது.
படிப்படியான முன்னேற்றம் என்று
அதிபர் அறிக்கையில் எழுதினார்.
படி எதையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை
பயிற்சிக்குப் போனோம்.
தரையெல்லாம் புதுச் சுண்ணாம்புக் கோடு.
யாரோ நமக்கு ஆடுகளம் வரைந்திருக்கிறார்கள் என்று
சின்னதுகள் குதித்தன.
பிரிஸ்கா ஒரு கட்டத்தை எட்டு வைத்து அளந்தாள்.
பிறகு அடுத்ததை.
ஏழு பேர்ச், ஏழு பேர்ச், ஏழு பேர்ச்.

அம்மா அந்த இடத்திலேயே கும்பிட்டு விழுந்தாள்.
நானும் கும்பிட்டேன்.
வாய்க்குள் என்ன சொன்னேன் என்று
இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

அதன்பின் பாதையில் பழகினோம்,
கொழுந்து லொறி வந்தால் ஒதுங்கி.
அந்த வருஷம் மாத்தளையில்
மூன்றுக்கு இரண்டு.
தோல்விதான்.
இரண்டையும் சுகிர்தமலர் அடித்தாள்,
கண்ணைத் திறந்துகொண்டு.
எண் மாட்டுகிறவனுக்கு மீசை வந்திருந்தது.
எங்கள் பக்கத்துக்கு
இரண்டாம் தகட்டைத் தேட நேரமெடுத்தது அவனுக்கு.

இப்போது நாங்கள் பதினெட்டாம் இலக்கம்.
அடிக்கல் வாசலில் கிடக்கிறது,
பெயர் மட்டும் தேய்ந்துவிட்டது.
கோட்டிலிருந்து ஏழு எட்டில்
பெனால்டிப் புள்ளி.
அங்கேதான் அம்மா அடுப்பு வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் பந்து சுவரில் மோதும்.
"சிமெண்டு இன்னும் காயல, சனியன்களா!"
அம்மா கரண்டியோடு ஓடுவாள்.
குசினிக்குள் வெங்காயம் உரித்தபடி
பாதையில் மட்டை படும் சத்தம் கேட்பேன்.
பிடி தளர்ந்திருக்கிறது.
இடப்பக்கம் வரும்.
உடம்பு கொஞ்சம் சாயும்.