ஆறாம் கட்டம்

ஹாக்கின்ஸ் சாலை, செம்பவாங்.
வெள்ளைக்காரப் படை காலி செய்துவிட்டுப் போன வீடுகள்.
எண்பத்தொன்றில் ஏழு மாதம்
அங்கே நான் தற்காலிகத் தட்டச்சர்.
ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒன்பது கட்டம்.
பெயர், பிறந்த நாள், ஏறிய படகு,
தூக்கிய கப்பல், கப்பலின் கொடி.
ஆறாவது: நிலை.

மேலதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார்.
அகதி என்று அடிக்காதே,
அந்தத் தாளில் இந்தத் தீவு கையெழுத்துப் போடவில்லை.
வேறிடம் போகிறவர் என்று அடி.
தொண்ணூறு நாளுக்குள்
ஏதோ ஒரு குளிர்நாடு அழைத்துக்கொள்ளும்.
அப்படி எழுதி வாங்கிய பிறகுதான்
கப்பலைவிட்டு இறங்கவே விட்டார்கள்.

குவாச் வான் தியெப் என் முன்னால் உட்கார்ந்தார்.
தோற்ற படையின் தந்திப் பிரிவில் லெப்டினென்ட்.
காலில் நார்வே மாலுமி கொடுத்த ரப்பர் பூட்ஸ்,
இரண்டு அளவு பெரிது,
நடந்தால் வாத்து கத்துவதுபோல் சத்தம்.
நிலை? என்றேன்.
சிரித்தார்.
எந்த ஊரில் கேட்கிறீர்கள், மிஸ் தவமணி?

ஐந்து வருடம் காட்டில் மூங்கில் வெட்டியவர்.
போர்க்கைதியா என்றால், இல்லையாம்.
போர்தான் முடிந்துவிட்டதே, கைதி எங்கிருந்து வருவான்?
மாணவர் என்றே பதிவு.
முப்பத்துமூன்று வயதில் மாணவர்,
பாடம் மரவள்ளிக்கிழங்கு.

அலமாரியில் கிடந்த ஜெனிவாப் புத்தகத்தை
அனுமதி கேட்டு எடுத்தார்.
மளிகைக்கடைக்காரர் பற்றுவரவு பார்ப்பதுபோல
விரல் வரிவரியாக இறங்கியது.
கைதிக்குப் புகையிலை தடையில்லை.
கைதிக்கு மாதம் எட்டு பிராங்க் முன்பணம்.
கைதி மாதத்தில் இரண்டு கடிதம், நான்கு அட்டை எழுதலாம்.
பென்சிலை வாங்கி என் கார்பன் தாள் ஓரத்தில் பெருக்கினார்.
நூற்றிருபது கடிதம். இருநூற்று நாற்பது அட்டை.
யாரிடம் வசூலிப்பது?

பிறகு ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.
போர் ஓய்ந்ததும் கைதியைத் தாமதமின்றிச்
சொந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும்.
புத்தகத்தை மெதுவாக மூடி
அட்டையைத் தடவிக்கொடுத்தார், நாயைத் தடவுவதுபோல.
கையெழுத்து விழாத அந்த இன்னொரு தாளிலோ
உயிருக்கு அஞ்சி வந்தவனைத் திருப்பித் தள்ளாதே என்றிருக்கிறது.
ஒருவருக்கு வரமாக எழுதியதை
மற்றவருக்குச் செய்தால் கொலை.
நடுவில் ஒரு கட்டம். அதன் மேல் என் விரல்.

மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்து
கைதி, அகதி
இரண்டையும் நாக்கில் போட்டுப் பார்த்தேன்.
இரண்டும் வேற்றுமொழியில் பிறந்து
தமிழுக்குள் தங்கிவிட்ட சொற்கள்.
தொண்ணூறு நாள் கெடு
அவற்றுக்கு யாரும் வைக்கவில்லை.

கிராஞ்சி மயானம் இங்கிருந்து அதிக தூரமில்லை.
சிப்பாய்க்குப் பெயர், எண், படைப்பிரிவு.
பெயர் தெரியாதவனுக்கும் ஒரு கல்.
என் பெரியப்பா நாகலிங்கம்
ஜொகூர்த் தோட்டத்தில் பால்வாளியோடு நின்றவர்,
அப்படியே லோரியில் ஏற்றிச்
சயாம் ரயிலுக்குக் கொண்டுபோனார்கள்.
சிப்பாய் இல்லை, அதனால் கைதி இல்லை.
தப்பி ஓடவில்லை, அதனால் அகதியும் இல்லை.
கிராணியின் பேரேட்டில் அவருக்கு நேரே
ஆள் வரவில்லை என்று இருந்ததாம்.
அன்றைய கூலி வெட்டு.

ஆறாம் கட்டத்தில் என்ன அடித்தேன்?
சொன்னதைத்தான் அடித்தேன்.
மாதச் சம்பளக்காரி.
மூன்றாம் நகலில் மட்டும் எழுத்து சரியாக விழவில்லை,
கார்பன் தேய்ந்திருந்தது.
வேறு தாள் வைக்கவில்லை.

எண்பத்தாறாம் நாள் பெர்கனுக்கு விமானம்.
பூட்ஸையே போட்டுக்கொண்டு போனார்.
அங்கே தேவைப்படும் என்றார்.

ஒரு மாதம் கழித்து முகாம் முகவரிக்கு
என் பெயரில் ஓர் அஞ்சலட்டை.
படத்தில் பனி, ஒரு சிவப்பு வீடு.
பின்னால் இரண்டே வரி:
இது ஒன்று.
பாக்கி இருநூற்று முப்பத்தொன்பது.

அந்த மாதம் மொத்தம் நான்கு வந்தன.
அடுத்த மாதம் அங்கே
எனக்கு வேலை இல்லை.