உதிரிகள்

முப்பத்தோராவது ஓவர் முடிய
மஹ்ரூப் பந்தை வாங்கினார், திருப்பிக் கொடுக்கவில்லை.
வார நாளில் கல்முனைச் சந்தையில்
மீன் தராசுக்கு முத்திரை குத்துகிறவர்.
தட்டின் அடியில் ஒட்டிய காந்தத்தைக்
கண்ணால் தேடமாட்டார், பெருவிரலால் தேடுவார்.

இப்போதும் பெருவிரல்தான்.
தையலுக்கு இடப்பக்கம் வழுக்கல். வியர்வை. அது ஆகும்.
வலப்பக்கம் மூன்று கீறல்,
ஒரே நீளம், ஒரே சாய்வு.
முட்கம்பி கீறும், கொங்கிறீற்று வாய்க்கால் கீறும்,
பெரியநீலாவணை மைதானத்துக் கிறவலும் கீறும்.
வேலி இப்படி வரிசை பிடித்துக் கீறாது.

ஸ்குவயர் லெக்கிலிருந்து நேசதுரை நடந்து வந்தார்,
டிப்போவில் பஸ் நேரம் குறிக்கிறவர், அவசரப்படத் தெரியாதவர்.
இரண்டு தொப்பி ஒரு பந்தின்மேல் குனிந்தன.
என்ன பேசினார்களோ,
வாவிப் பக்கமிருந்து வந்த கச்சான்
அதைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று.

கமரா இல்லை. கண்டவர் இல்லை.
யார் என்று சட்டம் கேட்கவும் இல்லை,
பந்து சொன்னால் போதும்.

மஹ்ரூப் என் கூடாரத்தைப் பார்த்துத்
தன் தோளைத் தானே தட்டினார், மறுபடி, மறுபடி.
"நுளம்பாக்கும்" என்றான் ஐஸ்பழக்காரன்.
நான் கையை உயர்த்தினேன்: விளங்கியது.
ஐந்து ஓட்டம்.

எங்கே எழுத?
அடித்தவன் பெயரில் இல்லை, அவன் அடிக்கவில்லை.
போட்டவன் கணக்கிலும் இல்லை.
வைட், நோபோல், பை, லெக்பை
எல்லாவற்றுக்கும் கட்டம் அடித்த அச்சகம்
இதற்கு அடிக்கவில்லை.
ஓரத்தில் அடிமட்டம் வைத்து
ஒரு பெட்டி கீறினேன்.
அந்தக் கீறலும் நேராகத்தான் வந்தது.

ஐந்தும் தேவைப்படவில்லை, அது வேறு கதை.
அடித்த பக்கம் ஆறு ஓவர் மிச்சம் வைத்து வென்றது.

மேசை மடிக்கையில் ஒருவன் வந்தான்.
கால் பிடித்துக்கொண்ட யாருக்கோ பதிலாக
இருபது ஓவர் வெயிலில் நின்ற பன்னிரண்டாவது ஆள்,
தருக்ஷன். மற்ற நேரம் தண்ணிப் போத்தல் சுமக்கிறவன்.
"அக்கா, அந்த அஞ்சையும் ஆர்ர பேருல போட்டீங்க?"
ஒருத்தர் பேரிலும் இல்லை என்றேன்.
உள்ளங்கையை விரித்தான். சோடா மூடி,
பல்லிடுக்கெல்லாம் சிவப்புத் தூள்.
"என்ட பேரை எழுதுங்க."

பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு கோடு.
இவன் பாய்ந்து ஒரு கட்ச் பிடித்திருந்தாலும்
'பதிலாள்' என்றுதான் எழுதியிருப்பேன்.
பிழைக்கும் இடமில்லை என்று
இவனிடம் எந்த வாயால் சொல்ல?

லீக் கமிட்டி கூடும்வரை பந்து என்னிடம்,
பழுப்பு உறையில், திகதி போட்டு, இரண்டு கையொப்பத்தோடு.
பிரதான வீதியில் பஸ் போகும்போதெல்லாம்
உறையோடு ஓர் அங்குலம் உருளுகிறது.

சோடா மூடியை
உறைக்குள் போடவில்லை.
லாச்சியில், குண்டூசிகளோடு கிடக்கிறது.
மஹ்ரூப் சேர் கேட்கமாட்டார்.
கேட்டால்
பெருவிரலை மட்டும் நீட்டுவார்.