இதர

ஒன்பது பெட்டிகள். குன்னூர் நூலக மாடியில்
சன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும்
எனக்கு முன்னே மேகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.
நாளுக்கு அறுநூறு ரூபாய்க் கூலிக்கு
டெஸ்மண்ட் ரெபெய்ரோ என்ற பியானோக்காரரைப்
பட்டியலாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வாசித்து நான் கேட்டதில்லை.
ஜாஸ் என்றால் என்னவென்று கேட்டால்
சமையலில் கைக்கணக்கு மாதிரி என்பேன்.
அதற்கு மேல் தெரியாது.

முதல் பெட்டியில் கோட்டு, அந்துருண்டை வாசம்,
உள்பையில் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் சீட்டு.
ஒருவழி. கிழிக்கப்படாதது.
அடுத்ததில் கையால் எழுதிய இசைத்தாள்கள்.
ராமபாணம் துளைத்த இடங்களில்
எது ஸ்வரம் எது ஓட்டை
என் கண்ணுக்குப் பிரிபடவில்லை.

இருபத்திரண்டு வருட மின்வாரிய ரசீதுகள்
எதற்கு என்று முதலில் புரியவில்லை.
பியானோவின் வயிற்றுக்குள்
நாற்பது வாட் பல்பு இரவும் பகலும் எரிந்திருக்கிறது,
ஈரம் ஏறாதிருக்க.
ஒரு புகைப்படத்தில்
அந்தச் சூட்டின்மேல் காயப்போட்ட பள்ளிச் சீருடைகள்,
யார் யார் பிள்ளைகளுடையதோ.
பக்கத்தில் டை கட்டிக்கொண்டு
இடமில்லாமல் நிற்கிறார்.

கணக்கு நோட்டு:
டிரம்பெட் லூர்துநாதன், பதினைந்து.
டிரம்ஸ் ஹாலன், பதினைந்து,
கடைசி பஸ் போய்விட்டதால் ஜீப்புக்கு இரண்டு கூட.
பியானோ, ஒரு கோடு.
எல்லாப் பக்கத்திலும் அந்தக் கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்தது.
கிளப்பில் ஆடிய சனிக்கிழமைகள்
திங்கட்கிழமைப் பக்கத்தில் வேறு பேரில் நிற்கின்றன:
தகரம் நாற்பது தகடு. கம்பளி.
மருதாயி பிரசவத்துக்கு டாக்சி.

ஹேர்பின் செவன் என்று பேர் அந்த பேண்டுக்கு.
ஏழு பேரில் ஐந்து பேர்
பெர்த்துக்கும் பெங்களூருக்கும்
வளைந்து வளைந்து இறங்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு ஒலிநாடா.
அறக்கட்டளைக்காரர் எனக்குச் சம்பளம் தருவதே இதற்குத்தான்.
தினமும் போன்: பூசணம் பிடித்திருக்கிறதா?
துடைத்து, ஓட்டினேன்.
ஒன், டூ, ஒன் டூ த்ரீ என்கிறார்,
நாலு வருமுன் ஒரு பெண் குரல்:

"பேரு முத்துராக்காயி. பதுளைப் பக்கம் தோட்டம்.
குடும்ப அட்டையிலே மகன் பேர வுட்டுட்டாங்க.
மண்டபம் கேம்ப்புலே பதினேழு நாளு.
ஐயா, இது சுத்துதா?"

"சுத்துது. சொல்லுங்க."

அவரேதான் பதிந்திருக்கிறார்,
தன் வாசிப்பின் மேலேயே.
தாலுகா ஆபீசுக்கு மனு எழுத
நாற்பத்தோரு பேர். ஊர், தோட்டம், விடுபட்ட பிள்ளை.
ஒருவர் எழுந்து அடுத்தவர் வந்து உட்காரும்போது
நாடா கொஞ்சம் தள்ளி ஓடிவிட்ட இடங்களில்
அடியிலிருந்து பியானோ எட்டிப் பார்க்கிறது.
மூன்று விநாடி. ஐந்து விநாடி.
ஒரு தடவை ஹாலனின் பிரஷ் மட்டும்,
அரிசி புடைக்கிற மாதிரி.
மொத்தம் கூட்டினால் இரண்டு நிமிஷம் எட்டு விநாடி.

போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு, மேலே இருப்பதை எடுத்துவிட்டு
அடியில் இருப்பதை மீட்க முடியாதா என்றார்.
அடியில் எதுவும் இல்லை சார்,
மேலே இருப்பதுதான் இருக்கிறது.

படிவத்தில் வகை என்று ஒரு கட்டம்.
இசை, பேச்சு, இதர.
ஒன்றைத்தான் டிக் செய்யலாம்.
அதை அப்படியே விட்டுவிட்டு
கலைஞர்கள் என்ற கட்டத்துக்குப் போனேன்.
ரெபெய்ரோ, லூர்துநாதன், ஹாலன்,
முத்துராக்காயி, அவளுக்கு அடுத்து இருமிய கிழவர்…
கட்டம் போதவில்லை, பின்பக்கம் திருப்பினேன்.
இருபத்தாறாவது ஆள் பேர் சொல்லும்போது
வெளியே மலை ரயில் கூவியிருக்கிறது.
பேர் விளங்கவில்லை.
மறுபடி ஓட்டுகிறேன்.