ஆமா ம்

ஹாங்காங்கில் ஒன்பது வருஷம்
பதினேழாவது மாடியில் இருந்தேன்.
மீன்கடையில் விரலை நீட்டினேன்,
எத்தனை என்றால் விரல்களை விரித்தேன்.
கடைக்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன்.
இவர் கல் வியாபாரத்தைக்
கால்குலேட்டரிலேயே பேசி முடித்தார்.
அந்த ஊர்ப் பேச்சு
லிஃப்டில் எங்களோடு ஏறி இறங்கியது.
யார் வீட்டு விருந்தாளியோ என்றிருந்தோம்.

இப்போது கீழக்கரை.
கடையை மூடி, கட்டிலும் பிஸ்கட் டின்களும்
கப்பலில் வந்து சேர்ந்து எட்டு மாசம்.
இங்கே வந்துதான் படிக்கிறேன்
கண்டோனீஸ்.

இந்தத் தெருவில் அதைப் பேச இரண்டே பேர்.
இரண்டையும் நான்தான் பெற்றேன்.
மாடிப்படியில் நுஸைபாவும் சஃபானாவும்
என் தலை தெரிந்ததும்
அந்தப் பேச்சுக்குள் போய்த்
தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள்.

தொதல் கிண்டும்போது காதில் ஒயர்.
யாரோ ஓர் ஆண்குரல் சொல்லச் சொல்ல
வாய்க்குள் சொல்வேன்.
'நீ'க்கு அங்கே 'நெய்'.
நெய் சாப்பிட்டாயா, நெய் எங்கே போகிறாய்,
கரண்டியில் நெய் சொட்ட நானே சிரித்துக்கொள்வேன்.
'நான்' என்பது 'ஙோ'.
ஒன்றாம் வகுப்பு அட்டையில்
படமில்லாமல் உட்கார்ந்திருந்த ங
கடல் தாண்டிப் போய்
நான் ஆகியிருக்கிறது.

மாய் என்றால் வாங்குவது.
மாய் என்றால் விற்பதும்.
கீழிருந்து தூக்கினால் காசு போகும்,
கீழேயே கிடத்தினால் காசு வரும்.
இவர் கடை ஏன் மூடியது என்று
அன்றைக்கு ஒரு மாதிரி புரிந்தது.
சொல்லவில்லை.

ராகம் பிடிபடாது என்று முதலில் பயம்.
பிறகு நினைத்துப் பார்த்தேன்,
எங்கள் மாமி 'என்ன' என்பதை
ஆறு விதமாகச் சொல்வார்.
ஆறுக்கும் ஆறு வேலை செய்திருக்கிறேன்.

எழுத்துதான் ஆட்டி வைத்தது.
டின் மூடி, தைல பாட்டில் பார்த்துப் பார்த்து
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
மேலிருந்து கீழே. இடமிருந்து வலம்.
பெட்டி என்றால் உள்ளே சாமானை வைத்துவிட்டுத்தான்
அடிக்கோடு போட்டு அடைக்க வேண்டும்.
கடல் என்ற எழுத்துக்கு
இடப்பக்கம் மூன்று சொட்டுத் தண்ணீர்,
வலப்பக்கம் சாய்ந்த கூரைக்குக் கீழே ஒரு தாய்,
அவளுக்குள் இரண்டு புள்ளி.
ஒன்று நுஸைபா, ஒன்று சஃபானா என்று
முப்பது தடவை எழுதினேன்.
மொட்டை மாடிக்குப் போனால்
ஜெட்டிக்கு அப்பால் அது
சும்மா கிடந்தது, பச்சையாக.

நேற்று அஸருக்குப் பிறகு
கொடித்துணி எடுத்துக்கொண்டு நின்றேன்.
படியில் சின்னவள் ஏதோ கேட்டாள்.
பெரியவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
'ஆமா ம் ஜீ.'

வருஷக்கணக்காகக் கேட்டதுதான்.
ஆமாம் என்கிறார்கள், நல்ல பிள்ளைகள்,
எதற்கோ ஆமாம் என்கிறார்கள் என்றிருந்தேன்.
நேற்று அது மூன்றாக உடைந்தது.
ஆமா என்றால் உம்மா.
ம் என்றால் இல்லை.
ஜீ என்றால் தெரிவது.

உம்மாவுக்குத் தெரியாது.

முழுசாக எனக்குப் புரிந்த முதல் வாக்கியம்.
சந்தோஷத்தில் கை உதறி
ஒரு கிளிப் முற்றத்தில் போய் விழுந்தது.
எது தெரியாது என்பது
அதற்கு முன்னால் ஓடிய பேச்சில் இருந்தது.
அந்த வேகத்துக்கு நான் இன்னும் வரவில்லை.
பதினான்காம் பாடத்தில் இருக்கிறேன்,
அதில் பஸ் எங்கே நிற்கும் என்று
திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

துணியை அணைத்துக்கொண்டு
அவர்களைத் தாண்டி இறங்கினேன்.
'உம்மா, டீ இருக்கா?'
இது தமிழில்.

'ம்' என்றேன்,
கொஞ்சம் கீழே இறக்கி.

பெரியவள் மட்டும்
நிமிர்ந்து பார்த்தாள்.